பக்கத்து இருக்கைக்காரர் புத்தகம் படிக்கிறார், பேசலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்சார ரயிலில் யாராவது புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தால், படிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்குக் கண் நேரே அட்டைக்குத்தான் போகும். பேச ஆசை வரும், தயக்கமும் கூடவே வரும். வாசகர் கூட்டங்களில் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். சென்னையையும் அங்கிருந்து கிளம்பும் ரயில்களையும் மனதில் வைத்து எழுதியது. மற்ற ஊர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. படிச்சிட்டு இருக்கிறவங்ககிட்ட போய்ப் பேசறதே தப்பில்லையா?

தப்பில்லை. ஆனால் டீக்கடைப் பேப்பருக்கும் புத்தகத்துக்கும் வித்தியாசம் உண்டு. டீக்கடையில் ஒருவர் தினசரியை விரித்து வைத்திருந்தால், "அந்த உள்பேப்பரைக் கொஞ்சம் குடுங்க" என்று முன்பின் தெரியாதவரும் கேட்டு வாங்கலாம். அது கடைக்காரர் எல்லாருக்குமாகப் போட்ட பேப்பர். அதில் வந்த செய்தியைப் பற்றி உடனே வாதம் தொடங்கினாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை.

புத்தகம் அவரவர் சொந்தக் காரியம். வீட்டிலும் அலுவலகத்திலும் கிடைக்காத தனிமை ரயிலில்தான் கிடைக்கிறது என்று அதைத் திறப்பவர்கள் நிறையப் பேர். அந்த நேரத்திலிருந்து ஒரு நிமிடத்தை நாம் கேட்டு வாங்குகிறோம். இந்த நினைப்பு இருந்தால் கீழே சொல்லப்போகும் பிழைகளில் பாதி நடக்காது.

2. சரி, எப்போ பேச்சை ஆரம்பிக்கலாம்னு எப்படித் தெரியும்?

கண் வரிகளின் மேல் ஓடிக்கொண்டிருக்கும்போது வேண்டாம். படிப்பவர்கள் தாமாகவே நிறுத்தும் இடங்கள் இருக்கின்றன. அத்தியாயம் முடிந்ததும் விரலை இடையில் வைத்துப் புத்தகத்தை மூடி ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள். டிக்கெட் பரிசோதகர் வந்து போனதும், சுண்டல்காரர் கடந்ததும் உடனே புத்தகத்துக்குத் திரும்பாமல் சற்று அப்படியே இருப்பார்கள். அந்தச் சில நொடிகள்தான் வாய்ப்பு. காதில் இயர்போன், கையில் பென்சில், இரண்டில் ஒன்று இருந்தாலும் விட்டுவிடுங்கள். பென்சிலோடு படிப்பவர் வேலையில் இருக்கிறார்.

நிலையக் கணக்கும் முக்கியம். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 18 நிலையங்கள், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. சராசரியாக ஒரு நிலையத்துக்கு மூன்று நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். பேச்சு இரண்டு நிலையத்துக்கு மேல் போகாது என்று நினைத்துத் தொடங்கினால் இருவருக்கும் நிம்மதி. புத்தகத்தைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுப்பவர் இறங்கப் போகிறார். அவரை வாசலருகே பிடித்து நிறுத்தாதீர்கள். மாம்பலத்தில் ஏறும் கூட்டம் அவரை இறங்க விடாது.

3. முதல்ல என்ன சொல்றது? "என்ன புக்கு?"ன்னு கேட்டா போதாதா?

அட்டை கண்ணுக்குத் தெரியும்போது "என்ன புக்கு?" என்று கேட்டால் விசாரணை மாதிரி இருக்கும். புத்தகத்தின் பெயரை நீங்களே சொல்லுங்கள், ஏன் கேட்கிறீர்கள் என்பதை ஒரு வரியில் சொல்லுங்கள், ஒரே வார்த்தையில் பதில் சொல்லக்கூடிய கேள்வியோடு நிறுத்துங்கள். "இதை ரொம்ப நாளா வாங்கணும்னு இருக்கேன். நல்லாப் போகுதாங்க?" இவ்வளவு போதும். "போகுது" என்று சொல்லிவிட்டு அவர் புத்தகத்துக்குத் திரும்பலாம், அல்லது மூடி வைத்துவிட்டுப் பேசலாம். இரண்டுமே அவருக்குச் சுலபமாக இருக்க வேண்டும். "நல்லாப் போகுதா" என்பதற்கு 40 பக்கம் படித்தவரும் பதில் சொல்லிவிடலாம். "நல்ல புக்கா?" என்று கேட்டால் பாதியில் இருப்பவர் முழுப் புத்தகத்துக்கும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கும்.

அட்டை தெரியவில்லையா? குனிந்து பார்ப்பதோ, அடியில் விரல் கொடுத்துத் தூக்கிப் பார்ப்பதோ கூடவே கூடாது. இரண்டையும் செய்பவர்கள் இருக்கிறார்கள் என்பதால்தான் எழுதுகிறோம். "பேரு மட்டும் தெரிஞ்சுக்கலாமா?" என்று கேட்டுவிடலாம். செய்தித்தாளாலோ காக்கி அட்டையாலோ உறை போட்டிருந்தால் அதையும் கேட்க வேண்டாம். அழுக்காகாமல் இருக்கப் போட்டிருக்கலாம், பிறர் பார்க்கக் கூடாதென்றும் போட்டிருக்கலாம். எது என்று நமக்குத் தெரியாது.

4. கூப்பிடறதுதான் குழப்பம். சாரா, அண்ணாவா, தம்பியா?

விளியே இல்லாமல் பேச நம் மொழியில் வழி இருக்கிறது. "ஒரு நிமிஷம்ங்க" என்பதில் உள்ள "ங்க" மரியாதையைக் கொடுத்துவிடுகிறது. அலுவலக நேர ரயிலில் "சார்", "மேடம்" பழுதில்லை. வயதானவர்களுக்கு "ஐயா", "அம்மா". மதுரைப் பக்கம் "அண்ணே", "அக்கா" என்று கூப்பிட்டால்தான் இயல்பு.

வயதை ஊகிப்பதில்தான் சறுக்கும். முப்பதுகளில் இருக்கும் பெண்ணை "ஆன்ட்டி" என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். கல்லூரிப் பையனாக இருந்தாலும் "நீ" வேண்டாம். "தம்பி" என்று கூப்பிட்டாலும் "நல்லாப் போகுதாங்க" என்றே கேளுங்கள்.

5. "ம்"னு மட்டும் சொன்னா தொடர்ந்து பேசலாமா?

கூடாது. "சரிங்க" என்று சொல்லிவிட்டு நீங்களும் உங்கள் வேலையைப் பாருங்கள். பதில் சொல்லிவிட்டு அவர் உங்களைத் திருப்பி ஒரு கேள்வி கேட்டாலோ, புத்தகத்தை மூடினாலோ மட்டும் தொடரலாம். பதில் சொன்னதும் பார்வை பக்கத்துக்குத் திரும்பிவிட்டால் அதுவும் "ம்" தான், எவ்வளவு சிரித்த முகத்தோடு சொல்லியிருந்தாலும்.

6. நல்லாப் பேசறாங்க. அடுத்து என்ன கேக்கறது?

"எங்க வரைக்கும் வந்திருக்கீங்க?" இதைக் கேட்காமல் கதையைப் பற்றி ஒரு சொல் பேசக் கூடாது. பொன்னியின் செல்வனை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பாகம். ரயிலில் ஒருவர் கையில் இருப்பது இரண்டாம் பாகமாக இருந்தால், கதையின் பெரிய திருப்பங்கள் அவருக்கு இன்னும் பாக்கி. 2022லும் 2023லும் படம் வந்துவிட்டதால் எல்லாருக்கும் கதை தெரியும் என்று நினைத்து முடிவைச் சொல்லிவிடுகிறார்கள். படமும் நாவலும் எல்லா இடத்திலும் ஒன்றில்லை, படம் பார்க்காமல் படிப்பவர்களும் இருக்கிறார்கள். "படம் பாத்தீங்களா?" என்பது அந்தப் புத்தகத்தை வைத்திருக்கும் எல்லாரையும் எல்லாரும் கேட்பது. "இதுவரைக்கும் வந்தவங்கள்ல யாரை ரொம்பப் பிடிச்சிருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு ஓடும்.

மொழிபெயர்ப்பு என்றால் "தமிழ் சரளமா இருக்கா?" நல்ல கேள்வி. ஒரே நூலுக்கு இரண்டு மூன்று மொழிபெயர்ப்புகள் கடையில் கிடைக்கும்போது எதை வாங்குவது என்பது படிப்பவர் சொன்னால்தான் தெரியும். கட்டுரை நூல் என்றால் எந்த அத்தியாயம் பிடித்தது என்று கேட்கலாம். தடித்த நாவல் என்றால், எத்தனையாவது பக்கத்தில் கதைக்குள் இழுத்தது என்று கேளுங்கள். முதல் 100 பக்கத்தில் பலர் கைவிடும் நாவல்களுக்கு இந்தப் பதில் மிகவும் உதவும்.

பெரிய பிழை, நாம் படித்ததையெல்லாம் ஒப்பிப்பது. "அவரோட முதல் நாவல் இதைவிட நல்லா இருக்கும், அதைப் படிக்காம இதை எடுத்துட்டீங்களே" என்று தொடங்கினால் எதிரில் இருப்பவர் தேர்வு எழுத உட்கார்ந்த மாணவர் ஆகிவிடுவார். அவர் இரண்டு வாக்கியம் பேசினால் நாம் ஒன்று பேசலாம். படித்துக்கொண்டிருப்பவர் சொல்வதைக் கேட்கத்தானே பேச்சுக் கொடுத்தோம்.

7. நான் ஆம்பளை. ஒரு பொண்ணு படிச்சிட்டு இருந்தா பேசலாமா?

சந்தேகம் இருந்தால் வேண்டாம் என்பதே எங்கள் பதில். புத்தகத்தைச் சாக்காக வைத்துப் பேச வந்தவர்களைப் பல பெண்கள் பார்த்திருக்கிறார்கள். உங்கள் மனதில் கள்ளமில்லை என்பது அவருக்குத் தெரிய வழியில்லை.

பேசினால் சில நிபந்தனைகள். சுற்றிலும் ஆட்கள் இருக்க வேண்டும், இருட்டிய நேரமாக இருக்கக் கூடாது. அவர் ஜன்னலோரம், நீங்கள் வெளிப்பக்கம் என்றால் எழுந்து போக வேண்டுமானால் அவர் உங்களைத் தாண்டித்தான் போக வேண்டும், அந்த நிலையில் பேச்சுக் கொடுக்காதீர்கள். வேறு இடம் காலியாக இருக்கும்போது பேசுவதற்கென்று பக்கத்தில் போய் உட்காருவது தவறு. பெயர், வேலை, இறங்குமிடம் மூன்றையும் கேட்கக் கூடாது. அவர் இறங்கும் இடத்தில் உங்களுக்கும் இறங்க வேண்டியிருந்தால், பேச்சை ரயிலிலேயே முடித்துவிட்டுச் சற்றுப் பின்தங்கி நடங்கள்.

பெண்களுக்கு: பதில் சொல்ல வேண்டும், சிரிக்க வேண்டும் என்ற கடமை எதுவும் இல்லை. "நான் படிக்கணும்" என்ற இரண்டு சொல்லே போதும். அதன் பிறகும் ஒருவர் தொடர்ந்தால் அது தொல்லை, புத்தகப் பேச்சு இல்லை. ரயிலில் 139, எங்கிருந்தாலும் பெண்கள் உதவி எண் 181.

8. முப்பது வயசு ஆள் பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகம் படிக்கிறார். கேக்கத் தோணுதே?

டி.என்.பி.எஸ்.சி.க்குத் தயாராகிறார். 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரையிலான பாடநூல்கள்தான் அந்தத் தேர்வுக்கு அடிப்படை. "இந்த வயசுல இதையா படிக்கிறீங்க?" என்பது அவரை நோகடிக்கும். வீட்டிலும் தெருவிலும் ஏற்கெனவே போதுமான அளவு கேட்டிருப்பார். "எந்த குரூப் எழுதறீங்க? எத்தனாவது தடவை?" என்பதும் வேண்டாம். அவர் நிமிடங்களை எண்ணிப் படிப்பவர், பேசாமல் விடுவதே உதவி. அவரே பேசினால் கேளுங்கள்.

9. பைபிள், குர்ஆன், திருவாசகம் படிக்கிறவங்க? பெரியார், அம்பேத்கர் படிக்கிறவங்க?

காலை ரயிலில் பாராயணம் செய்பவர்கள் இருக்கிறார்கள். உதடு அசைந்தால் அது வழிபாடு. முடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பைக்குள் வைத்த பிறகும் நீங்களாகத் தொடங்க வேண்டாம்.

அரசியல், சமூக நூல்களைப் படிப்பவர் அந்தக் கட்சியைச் சேர்ந்தவர் என்று முடிவு கட்டாதீர்கள். மறுப்பதற்காகப் படிப்பவர் உண்டு, ஆய்வுக்காகப் படிப்பவர் உண்டு. "நீங்க அந்தக் கட்சியா?" என்று கேட்கக் கூடாது. மூன்றாவது பதிலில் சொன்ன "நல்லாப் போகுதாங்க?" இங்கேயும் பொருந்தும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் ரயில் பேச்சு வழக்கமாக "எந்த ஊரு?" என்று தொடங்கும். அடுத்து "அந்த ஊர்ல எந்தத் தெரு? யாரு வீடு?" என்று போய், கடைசியில் சாதியை அறிவதில் முடியும். கேட்பவருக்கே சில நேரம் தெரியாது, பழக்கத்தில் வந்துவிடும். கையில் அம்பேத்கர் நூல் இருக்கும்போது இந்த வரிசை எப்படிக் காதில் விழும் என்று யோசியுங்கள். புத்தகத்தில் தொடங்கிய பேச்சு புத்தகத்திலேயே இருக்கட்டும்.

10. மாத நாவல் படிக்கிறவங்ககிட்ட பேச என்ன இருக்கு?

நிறைய இருக்கிறது. பேருந்து நிலையப் பெட்டிக்கடையில் வாங்கி, திண்டிவனம் தாண்டுவதற்குள் முடித்துவிடுபவர்கள் பலர் நூற்றுக்கணக்கில் படித்தவர்கள். எந்த வருடம் வந்த எந்தக் கதையில் யார் கொலையாளி என்று சொல்வார்கள், பழைய இதழ்கள் எந்தப் பழைய புத்தகக் கடையில் கிடைக்கும் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். "மாசம் எத்தனை படிப்பீங்க?" என்று கேளுங்கள். "இதெல்லாம் டைம்பாஸ்தானே" என்று சொல்லிவிடாதீர்கள். துப்பறியும் கதை என்றால் ஆறாவது பதில் இரண்டு மடங்கு பொருந்தும், கொலையாளி யாரென்று ஊகித்துச் சொல்லக்கூடக் கூடாது.

11. தொலைதூர ரயில்ல ஏழெட்டு மணி நேரம் ஒண்ணா உக்காரணுமே, அங்க எப்படி?

அங்கே அவசரம் இல்லை. பகல் நேர வைகை எக்ஸ்பிரஸில் எழும்பூரிலிருந்து மதுரைக்கு ஏறக்குறைய ஏழு மணி நேரம். முதல் அரை மணியில் பேச்சை ஆரம்பித்தால், பிடிக்காவிட்டாலும் எதிரில் இருப்பவர் எழுந்து போக முடியாது. மின்சார ரயிலில் என்றால் அடுத்த நிலையத்தில் இறங்கும் சாக்காவது உண்டு. செங்கல்பட்டு தாண்டட்டும். நீங்களும் உங்கள் புத்தகத்தை எடுத்துப் படியுங்கள். எதிரெதிரே இருவர் படித்துக்கொண்டிருந்தால் பேச்சு அவர் பக்கத்திலிருந்தே வர வாய்ப்பு அதிகம். பத்து நிமிடம் பேசியதும் நீங்களே "படிங்க, அப்புறம் பேசலாம்" என்று விட்டுவிடுங்கள். விழுப்புரத்தில் டீ வரும்போது அவரே தொடர்வார்.

இரவு ரயிலில் 10 மணி முதல் காலை 6 மணி வரை தூங்கும் நேரம். அதற்கு முன்பே நடுப்படுக்கைக்காரர் படுக்க நினைத்தால் கீழே உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து இடம் கொடுத்தால்தான் முடியும், பேச்சை நீட்டினால் மாட்டிக்கொள்வது அவர்தான். தலைமாட்டு விளக்கில் ஒருவர் படித்துக்கொண்டிருக்கலாம், அது பேசுவதற்கான அழைப்பாகாது.

12. நூலகத்துல? புத்தகக் காட்சியில?

நூலகத்தின் வாசிப்புக் கூடத்தில் கூடவே கூடாது, கிசுகிசுப்பதும் கூடாது. அமைதியான கூடத்தில் கிசுகிசுப்புதான் அதிகத் தொலைவு கேட்கும். துண்டுச் சீட்டு எழுதி நீட்டுவது இன்னும் சங்கடம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கத் தனிப் பகுதி உண்டு, அங்கே இருப்பவர்களில் பலர் எட்டாவது பதிலில் சொன்னவர்கள். உணவகத்திலோ வெளிப்படிக்கட்டிலோ இருவரும் நிற்க நேர்ந்தால் பேசலாம்.

ஜனவரியை ஒட்டி நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியில் இந்தத் தயக்கம் எதுவும் வேண்டாம். அங்கே "இது எந்த ஸ்டால்ல கிடைச்சது?" என்ற கேள்வியை யாரும் தவறாக நினைப்பதில்லை. எண்ணைச் சொல்லி, வழியும் காட்டுவார்கள். வழக்கமான 10 சதவீதத் தள்ளுபடிக்கு மேல் எங்காவது கிடைத்தால் அதையும் சொல்வார்கள். நடைபாதையில் நின்று பேசாதீர்கள், ஞாயிறு மாலையில் பின்னால் வரிசையே நின்றுவிடும். ஸ்டால் ஓரத்துக்கு ஒதுங்குங்கள்.

13. போன்ல, கிண்டில்ல படிக்கிறவங்க?

போன் திரையைப் பார்க்கவே பார்க்காதீர்கள். ஒரு நொடியில் அங்கே வீட்டிலிருந்து வந்த செய்தியோ வங்கிக் கணக்கோ இருக்கும். கிண்டில் வாசிப்புக்கென்றே உள்ள கருவி, ஆகவே பேச்சு வேறு ஏதாவதில் ஏற்கெனவே தொடங்கியிருந்தால் "என்ன படிக்கிறீங்க?" என்று கேட்கலாம். அட்டை தெரியாததால் இங்கே மட்டும் அந்தக் கேள்வி சரி. கருவியைப் பற்றியே விலை, பேட்டரி என்று பத்துக் கேள்வி கேட்பது வேறு வகைத் தொந்தரவு.

14. அந்தப் புத்தகம் எனக்கும் வேணும். இரவல் கேக்கலாமா? போட்டோ எடுத்துக்கலாமா?

இரவல் கேட்காதீர்கள். முகம் தெரியாதவருக்குக் கொடுத்தால் திரும்பாது என்பது அவருக்கும் தெரியும், மறுக்கவும் கூச்சமாக இருக்கும். "அட்டையையும் உள்பக்கத்தையும் ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று கேளுங்கள். உள்பக்கம் என்பது தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால் பதிப்பு விவரம் இருக்கும் பக்கம். பெரும்பாலான தமிழ் நூல்களில் பதிப்பகத்தின் முகவரி, தொலைபேசி எண், பதிப்பு ஆண்டு, விலை எல்லாம் அங்கே இருக்கும். கடைகளில் தீர்ந்துபோன நூலாக இருந்தாலும் பதிப்பகத்தில் பிரதி இருக்கலாம், அழைத்துக் கேட்டால் அனுப்பிவைப்பார்கள். அட்டையை மட்டும் எடுத்துவந்து, எந்தப் பதிப்பகம் என்று தெரியாமல் தேடி அலைவதுதான் வழக்கமாக நடக்கிறது.

புத்தகத்தை அவரே பிடித்திருக்கட்டும். உள்ளே முதல் பக்கத்தில் அன்பளிப்பு வரியோ பெயரோ எழுதியிருந்தால் அது படத்தில் வரக் கூடாது. அவர் முகத்தையோ, அவர் படித்துக்கொண்டிருக்கும் காட்சியையோ கேட்காமல் எடுப்பது, எவ்வளவு அழகாகத் தோன்றினாலும், செய்யக் கூடாதது.

15. எனக்குச் சுத்தமாப் பிடிக்காத புத்தகத்தை அவர் புகழ்றார். உண்மையைச் சொல்லலாமா?

அவர் "நீங்க படிச்சீங்களா?" என்று கேட்டால் சொல்லலாம். "எனக்கு ஒட்டல" என்றால் அது உங்கள் அனுபவம். "குப்பை" என்றால் அவருடைய ரசனைக்குத் தீர்ப்பு. காரணம் சொல்வதானால் அவர் படித்து முடித்த பகுதிக்குள் இருந்து சொல்லுங்கள். அவர் இன்னும் முடிக்கவில்லை என்பது நினைவிருக்கட்டும். மீதியைப் பிடித்துப்போய்ப் படிக்கும் வாய்ப்பை அரைமணிப் பழக்கத்தில் கெடுத்துவிடக் கூடாது. அவரே "போரடிக்குது" என்றால் உடனே "அப்பவே நினைச்சேன்" என்று சேர்ந்துகொள்ளாதீர்கள். எந்த இடத்தில் தொய்ந்தது என்று கேளுங்கள்.

16. அவர் படிக்கிறது நான் எழுதின புத்தகம்! என்ன பண்றது?

ஆசையாகத்தான் இருக்கும். பேசுவதென்றால் முதல் வாக்கியத்திலேயே "இதை எழுதினது நான்தாங்க" என்று சொல்லிவிட வேண்டும். மறைத்து வைத்துக் கருத்தைக் கேட்டுவிட்டுக் கடைசியில் சொன்னால், குறை சொன்னவர் கூசிப்போவார், புகழ்ந்தவருக்கும் ஏமாற்றப்பட்டதுபோல் இருக்கும். சொன்ன பிறகு "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள், மெய்யான பதில் வராது. "வாங்கிப் படிக்கிறதுக்கு நன்றி" என்று சொல்லி நகர்ந்துவிடுவது நல்லது. அவரே நிறுத்திக் கேட்டால் அது வேறு.

17. என்கிட்ட ஒருத்தர் வந்து பேசறார். நான் படிக்கணும். மரியாதையா எப்படி முடிக்கிறது?

"இந்த அத்தியாயத்தை முடிச்சுக்கறேனே" என்பது எல்லா வயதினரிடமும் செல்லும். சொல்லிவிட்டு உடனே கண்ணைப் பக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சொல்லிவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தால் பேச்சு தொடரும். "தலை வலிக்குது" என்று பொய் சொன்னால் படிப்பதையும் நிறுத்த வேண்டிவரும். இரண்டு முறை சொல்லியும் கேட்காதவரிடம் மூன்றாவது முறை மென்மை தேவையில்லை.

18. நேத்துப் பேசினவர் இன்னைக்கும் அதே ரயில், அதே பெட்டி. மறுபடியும் பேசணுமா?

தினமும் ஒரே நேரத்துக்கு வருபவர்களிடையே இது அடிக்கடி நடக்கும். நேற்றுப் பேசினோம் என்பதற்காக இன்றும் அவர் நேரத்தைக் கொடுக்க வேண்டியதில்லை. தலையசைப்பு போதும். அவரும் அசைத்துவிட்டுப் படிக்கத் தொடங்கினால் அப்படியே விடுங்கள். போன் எண் கேட்காதீர்கள். தொடர்ந்து பேச விருப்பம் என்றால், நீங்கள் போகும் புத்தக அறிமுகக் கூட்டத்தின் இடத்தையும் நேரத்தையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள், வருவதும் வராததும் அவர் விருப்பம்.

ஒரு நாள் அவர் கையில் வேறு புத்தகம் இருக்கும். அன்றைக்கு "அதை முடிச்சிட்டீங்களா?" என்று கேட்கலாம். இப்போது முடிவைப் பற்றியும் பேசலாம்.